கோடம்பாக்கத்துக் கொல்லையில் பதினாறு டிராக்

1990களில் தமிழ்த் திரையிசை மாறியதற்குக் காரணம் கேட்டால் சிந்தசைசரையும் கணினியையும் சொல்வார்கள். அதைவிட ஆழமான காரணம், ஒவ்வொரு ஒலியையும் நாடாவில் தனித்தனி வரியாகப் பதியும் பல டிராக் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் என்பது என் முடிவு. முன்பெல்லாம் பாடகர், வயலின் வரிசை, தபேலா எல்லாரும் ஒரே கூடத்தில், ஒரே வேளையில் ஒலித்தாக வேண்டும். ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் திரும்ப வாசிக்க வேண்டும். அவ்வளவு பெரிய கூடம் எங்கே இருந்ததோ அங்கேதான் இசையும் போனது. கன்னடப் படப் பாடல்களே நெடுங்காலம் சென்னையில்தான் பதிவாயின. 1980களில் கன்னட நடிகர்களான சங்கர் நாக்கும் அனந்த் நாக்கும் பெங்களூரில் சங்கேத் ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கியதன் அருமை இதில்தான் புரியும்.

எல்லாரும் ஒரே வேளையில் வாசித்தாக வேண்டிய கட்டாயத்தை உடைத்தது ஒரு சிறிய சூட்சுமம். டேப் ரெக்கார்டரில் பதியும் ஹெட்டும் படிக்கும் ஹெட்டும் சற்று விலகியிருக்கும். நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் ஐந்து சென்டிமீட்டர் விலகல் என்றால், முதலில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டே சேர்த்து வாசிப்பவர் நொடியில் எட்டில் ஒரு பங்கு பிந்திவிடுவார், தாளம் சிதறிவிடும். பதியும் ஹெட்டையே பழைய டிராக்குகளைப் படிக்கவும் வைத்து ஆம்பெக்ஸ் நிறுவனம் அதைத் தீர்த்தது. 1957இல் கிட்டார் கலைஞர் லெஸ் பால் அதன் எட்டு டிராக் கருவியைத் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். 1970களில் டியாக் நிறுவனம் அதே வசதியைக் கால் அங்குல நாடாவில், நான்கு டிராக்குகளில், தனி மனிதர் வாங்கக்கூடிய அளவுக்கு இறக்கியது.

தமிழுக்கு இது வந்து சேர்ந்த இடம், 1989இல் ஏ.ஆர்.ரகுமான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஒலிப்பதிவுக் கூடம். தாயார் கரீமா பேகத்தின் நகைகளைக் கொண்டுதான் ஃபாஸ்டெக்ஸ் பதினாறு டிராக் ரெக்கார்டரை வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்நாளைய ஃபாஸ்டெக்ஸ் பதினாறு டிராக் கருவிகள் அரை அங்குல நாடாவில் ஓடின. ஒரு டிராக்குக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம்கூடக் கிடைக்காது. அதனால் எழும் இரைச்சலை டால்பி சி என்ற இரைச்சல் குறைப்பு முறை அடக்கியது. பெரிய கூடங்களின் இரண்டு அங்குல நாடாவோடு தரத்தில் இது போட்டியிட முடியாது. ஆனாலும் விளம்பர இசையில் தொடங்கி 1992இன் ‘ரோஜா’ படம் வரை அந்த அறை போதுமானதாக இருந்தது.

பெரிய கூடங்களுக்கும் பல டிராக் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது, ஆனால் அங்கே நேரம் கால்ஷீட்டுக்கு உட்பட்டது, ஒவ்வொரு மணிக்கும் வாடகை உண்டு. வீட்டில் நள்ளிரவில் ஒரு புல்லாங்குழல் வரியைப் பத்து முறை மாற்றிப் பார்க்கலாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாளத்தைத் தானே வாசிக்கும் சீக்வென்சர் கருவிதானே அதைத் தந்தது என்பது அடுத்த கேள்வி. தந்தது; ஆனால் சீக்வென்சரால் குரலைப் பதிய முடியாது. மனிதக் குரலும் இயந்திரத் தாளமும் வெவ்வேறு நாட்களில் பிறந்து ஒன்றாய்ச் சேர்ந்த இடம் நாடாதான். மூன்றாவது மறுப்பு கனமானது: கூடம் சுருங்கியதில் வயலின் வரிசைகளுக்கு அழைப்பு குறைந்தது. இதை நான் மறுக்க மாட்டேன். எதிரெதிரே அமர்ந்து ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து வாசித்தவர்களின் ஒத்திசைவை, தனித்தனியாகப் பதிந்த பதினாறு டிராக்குகள் ஈடுசெய்யவில்லை. அந்த இழப்புக்கு விலை கொடுத்தவர்கள் வாத்தியக் கலைஞர்கள். ஆதாயம், கூடத்தை வாடகைக்கு எடுக்க வழியில்லாத இளைஞர்களுக்குப் போனது.