வெள்ளிப் போர்வையின் வரலாறு

குளிரை வெல்ல மாந்தன் கண்ட முதற்கருவிகளுள் ஒன்று போர்வையாகும். விலங்கின் தோலும், ஆட்டு மயிரும், பருத்தியும் அவனை நெடுங்காலம் காத்து வந்தன. இவை தம்முள் காற்றை அடக்கி, உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுப்பவை. எனவே, தடிப்பு மிகுந்தால்தான் காப்பும் மிகும் என மக்கள் எண்ணினர். தலைமயிரினும் மெல்லிய படலமும் உயிர்காக்க உதவும் என்பதை இருபதாம் நூற்றாண்டே மெய்ப்பித்தது.

இதன் அடிப்படை உண்மை முன்னரே அறியப்பட்டதுதான். ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் டூவர் 1892-இல் வெற்றிடக் குடுவையை அமைத்தார். இன்று நம் இல்லங்களிலுள்ள சுடுநீர்க் குடுவையின் முன்னோடி அதுவே. அத்தகைய குடுவையின் கண்ணாடிச் சுவரிற் பூசப்பெறும் வெள்ளி, வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றது. இவ்வுண்மையே பின்னர் விண்வெளி ஆய்வுக்குத் துணை நின்றது. 1960-இல் ஏவப்பட்ட எக்கோ என்னும் செயற்கைக்கோள், அலுமினியம் படிந்த பாலியெஸ்டர் படலத்தாலான ஒரு பெரும் பலூனேயாகும். 1964-இல் நாசாவின் மார்ஷல் விண்வெளி மையம் இத்தகைய படலத்தை வெப்பக் காப்புக்கென உருவாக்கியது. வெற்றிடத்தில் ஆவியாக்கிய அலுமினியத்தைப் படலத்தின்மீது படியச் செய்யும் முறை அது. வெப்பக் கதிர்வீச்சில் 97 விழுக்காடு வரை அது திருப்பிவிடும். 1973 மே மாதத்தில் ஸ்கைலாப் நிலையம் தன் கவசத்தை இழந்து வெயிலில் வெந்தபோது, வீரர்கள் விரித்த அலுமினியப் படலக் குடையே அதனைக் காத்தது.

விண்ணிற் பிறந்த இப்படலம் மலையேறுவோர் பையிலும் இடம்பெற்றது. எனினும், அதன் எல்லையை ஆசிரியர்கள் உணர்தல் வேண்டும். 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கேர்ன்கோர்ம் மலையில், எடின்பரோ மாணவர் குழுவொன்று காப்பிடத்தை அடைய இயலாமல் பனிப்புயலில் இரு இரவுகள் வெட்டவெளியிற் சிக்கியது. மாணவர் ஐவரும் துணைத்தலைவர் ஒருவரும் குளிரால் மாண்டனர். அத்தகைய சூழலில் ஒரு தாள் மட்டுமே காக்கும் என நம்புதல் பேதைமையாகும்.

ஏனெனில், உடல் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சால் மட்டும் இழப்பதில்லை. காற்று கவர்ந்து செல்கின்றது. ஈர உடை உறிஞ்சுகின்றது. குளிர்ந்த நிலம் ஈர்க்கின்றது. விரிப்புத்தாள் விலை குறைந்தது, சுமையற்றது, காயமுற்றவரைச் சுற்றுதற்கு ஏற்றது. ஆயினும், பெருங்காற்றில் படபடத்து விலகும், எளிதிற் கிழியும். பை வடிவிலமைந்ததோ உடலைச் சூழ்ந்து காற்றைத் தடுக்கும். ஆதலின், இரவில் வெளியே தங்க நேரும் பயணத்திற்குப் பையே சிறந்தது. ஆனால், வியர்வை உள்ளே நீராய்ப் படியும் என்பதால், மூச்சுவிட முகத்தைத் திறந்து வைத்தலும், ஈர உடையை முன்னரே மாற்றுதலும் வேண்டும். எதுவாயினும், கீழே இலைதழையோ கயிறோ பையோ பரப்பியே படுத்தல் வேண்டும். தீயின் அருகிற் செல்லலாகாது.

வெப்ப நாட்டினராகிய நமக்கு இது வேண்டாததன்று. 4,095 மீட்டர் உயர்ந்த கினபாலு மலையில் குளிர் கடுமையானது. தாழ்ந்த காட்டிலும் மழையில் நனைந்த சிறுவன் நள்ளிரவில் நடுங்குவான். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஒவ்வொருவர் பையிலும் ஒரு காப்புப் பையை வைத்து, அதனைப் பயன்படுத்தும் முறையைப் பள்ளித் திடலிலேயே பழக்குவாராக. கருவி உயிரைக் காப்பது, அதனை அறிந்தவர் கையிலிருக்கும்போதுதான்.