பெருங்களூர் ஆசிரியரும் வாசகர் மன்றத்து வழக்கும்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் சாலையில் இருக்கும் பெருங்களூர் என்னும் சிற்றூரில், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கடைசி மன்னராகப் பின்னாளில் பட்டமேறிய ராஜகோபாலத் தொண்டைமான் பிறந்த அதே 1922 ஜூன் மாதத்தில், உத்தியோகஸ்தர் ஒருவரின் மைந்தராகப் பிறந்த அகிலாண்டம், அகிலன் என்ற பெயரில் தமிழ்க் குடும்பங்களின் கூடத்துக்குள்ளும் சமையலறைக்குள்ளும் புகுந்து, அங்கே தாம்பத்திய தர்மம் பற்றி ஓயாத தர்க்கத்தைக் கிளப்பிவிடுவார் என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது. சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு சேர்ந்தது. பிறகு திருச்சி ஜில்லாவின் அங்கமாயிருந்து, 1974 ஜனவரியில் தனி மாவட்டமாயிற்று. அந்த இடைக்காலத்தில்தான் அகிலனுடைய நாவல்கள் மக்கள் மன்றத்தில் விசாரணைக்கு வந்தன.

விசாரணை என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். வாரப் பத்திரிகையில் தொடர்கதை வெளிவந்த காலத்தில், ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்த அத்தியாயத்துக்கும் இடையே முழுதாக ஏழு நாட்கள் இருந்தன. அந்த ஏழு நாட்களும் வழக்கை ஒத்திவைத்த நியாயஸ்தலத்தின் வாய்தா நாட்களைப் போல, கட்சிக்காரர்கள் திண்ணையிலும் கிணற்றடியிலும் கூடித் தத்தம் வாதங்களைத் தீட்டிக்கொள்ளப் பயன்பட்டன. ஒரு வீட்டில் வாங்கிய பத்திரிகையை நாலு வீட்டார் படிப்பார்கள். எழுத்தறியாத பாட்டிமார்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பெண் உரக்க வாசித்துக் காட்டுவாள். கதை முடிந்ததும் தொடர்ப் பக்கங்களைச் சித்திரங்களோடு கத்தரித்துச் சேர்த்து, ஊரில் உள்ள பைண்டரிடம் கொடுத்துக் காலிக்கோ அட்டை போட்டு வாங்கிப் பீரோவில் வைப்பார்கள். நூலாசிரியரின் கையெழுத்துப் பிரதியைவிட இந்த பைண்டு புத்தகங்களையே நம் வாசக சரித்திரத்தின் மூலப் பத்திரமாகக் கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம். 

அகிலன் ரயில்வே மெயில் சர்வீஸில் பல ஆண்டுகள் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை பார்த்தவர். பிறர் எழுதிய சுகதுக்கங்கள் உறைக்குள் ஒட்டப்பட்டு இரவெல்லாம் அவர் கைகளின் வழியே சென்றன. அத்தகையவரின் ‘பாவை விளக்கு’ கல்கியில் தொடராக வந்தபோது, கடிதங்கள் அவரையே நாடி வரத் தொடங்கின. அந்நாவலின் நாயகன் தணிகாசலம் ஓர் எழுத்தாளன். தேவகி, செங்கமலம், கௌரி, உமா என்ற நான்கு பெண்கள் அவன் வாழ்வில் வெவ்வேறு பருவங்களில் வருகிறார்கள். இவர்களில் கௌரி அவன் மனைவி. உமாவோ, அவன் இல்லறத்தில் நிலைபெற்ற பின்னர், அவனுடைய எழுத்தின் வழியே அவனை நேசிக்கத் தொடங்கிய ரசிகை. சம்பிரதாயப்படி பார்த்தால் வாசகர்கள் மனைவியின் பக்கமே திரண்டிருக்கவேண்டும். ஆயினும், உமாவைச் சாகவிடக்கூடாது என்று அவர்கள் ஆசிரியருக்கு எழுதி மன்றாடியது இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. 1960-இல் கே. சோமுவின் இயக்கத்தில் அது திரைப்படமானபோது சிவாஜி கணேசன் தணிகாசலமாகவும், சௌகார் ஜானகி கௌரியாகவும், எம். என். ராஜம் உமாவாகவும் தோன்றினார்கள். அதன் பிறகு படிக்காதவர்களும் அந்தத் தர்க்கத்தில் கலந்துகொண்டார்கள்.

இங்கே சற்று விலகி ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது. ஊர் வழக்கை மீறி இதயத்தின் வழியே சென்றவர்களைப் பற்றிப் பேசுவதற்குப் புதுக்கோட்டையார் நாவலை எதிர்பார்த்திருக்கவில்லை. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தமது நாற்பதாவது வயதில், 1915-இல், மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணியை விவாகம் செய்துகொண்டார்; ஆங்கில சர்க்கார் அவரை ராணியாக அங்கீகரிக்க மறுத்தது; மன்னர் நாட்டைவிட்டு வெளியேறி 1928-இல் பாரிஸில் காலமானார்; அவருடைய மகனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஆறு வயதுப் பாலகனான ராஜகோபாலர் சிம்மாசனம் ஏறியது அதன் பயனாகவே. ஆண்மகன் ஒருவன், அதிலும் அரசன், இதயத்தின் வழியே சென்றதற்குக்கூட இத்தனை விலை இருந்தது என்றால், ஒரு ஸ்திரீ அவ்வாறு செல்வதை ஊர் எவ்வாறு ஏற்கும்?

அந்தக் கேள்வியைத்தான் ‘சித்திரப்பாவை’ கேட்டது. ஓவியன் அண்ணாமலையை நேசிக்கும் ஆனந்தியை மாணிக்கம் பலவந்தமாக முத்தமிடுகிறான், தன் உடல் இனி அவனுக்கே உரியது என்று கருதி அவள் அவனுக்கே மாலையிடுகிறாள், விவாகம் நரகமாகிறது, முடிவில் தாலியைக் களைந்துவிட்டு அண்ணாமலையிடம் வருகிறாள். கதைச் சுருக்கத்தைப் படித்தாலே, எந்த இடத்தில் வாசகர் கூட்டம் இரண்டாகப் பிளந்திருக்கும் என்று விளங்கும். துன்பத்தைச் சகித்துக்கொண்டே இருந்திருந்தால் ஆனந்தி ஒருசாராருக்குப் பத்தினியாயிருப்பாள். முதலிலேயே அவனை உதறியிருந்தால் மறுசாராருக்குப் புதுமைப்பெண்ணாயிருப்பாள். அவளோ முதலில் சகித்தாள், பிறகு உதறினாள். ஆகையால் இரு சாராருக்கும் அவளிடம் குறை காண இடம் கிடைத்தது.

நாவல் நூலாக வெளிவந்த 1968-ஐ மறந்துவிட்டு இந்தப் பிளவைப் புரிந்துகொள்ள முடியாது. விவாகரத்துக்கு இந்து விவாகச் சட்டம் 1955-லேயே வழிவகுத்திருந்தது. ஆயினும், கோர்ட்டுப் படியேறிய பெண்ணை ஊர் சந்தேகத்தோடு பார்த்தது. அண்ணாதுரையின் அரசாங்கம் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம் அதே 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, மாலை மாற்றினாலும் மோதிரம் மாற்றினாலும் விவாகம் செல்லும் என்று ஆக்கியது. தாலி இல்லாமலும் மனைவியாகலாம் என்று சட்டம் சொன்ன வருஷத்தில், தாலியைக் கழற்றிய கதாநாயகி வீடுகளுக்குள் வந்தாள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1966-இல், ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ ஆனந்த விகடனில் வந்து, கெடுக்கப்பட்ட மகளைத் தாய் தலையில் நீரூற்றி ஏற்றுக்கொண்டதற்கே பெரும் கலவரம் எழுந்திருந்தது.

1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு ‘சித்திரப்பாவை’க்குக் கிடைத்து, தமிழுக்கு முதன்முதலாக அந்தக் கௌரவம் வந்தபோது, வழக்கு வேறு மன்றத்துக்குப் போயிற்று. எழுத்தாளர் சுந்தர ராமசாமி ‘போலி முகங்கள்’ என்ற கட்டுரையில் இந்த எழுத்தையும் இந்தப் பரிசையும் இரக்கமின்றித் தாக்கினார். இலக்கிய மதிப்பும் ஜனரஞ்சகமும் ஒன்றல்ல என்பது அவர் கட்சி. அகிலனின் பாத்திரங்கள் சில வேளைகளில் சதையும் இரத்தமும் குறைந்து, கொள்கைக்குச் சட்டை போட்டாற்போல நடக்கிறார்கள் என்பதை நானும் மறுக்கமாட்டேன். காந்தியவாதியான அகிலன், தீமையை வெறுக்கத்தக்கதாகவும் நன்மையை வணங்கத்தக்கதாகவும் தீட்டுவதில் அவசரம் காட்டினார்; மாணிக்கத்துக்கு ஒரு நியாயமான நினைப்பையாவது விட்டுவைத்திருந்தால் ஆனந்தியின் முடிவு இன்னும் கனம் பெற்றிருக்கும்.

ஆனாலும், விமர்சகர் கேட்டது ஒரு கேள்வி, வாசகர் கேட்டது வேறொன்று. இப்படி ஒரு பெண்ணைப் படைத்த கலை உண்மையானதா என்று விமர்சகர் கேட்டார். இப்படி ஒரு பெண் நம் தெருவில் இருந்தால் அவளுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்போமா என்று வாசகர் கேட்டார். முதற்கேள்விக்கான பதில் இலக்கிய சரித்திரங்களில் அச்சேறியிருக்கிறது. இரண்டாவது கேள்வியின் பதில் திண்ணைப் பேச்சோடு போயிற்று. ஆனால் சமுதாய சரித்திரத்துக்கு வேண்டியது அதுவே.

தமிழுக்கு அடுத்த ஞானபீடம் 2002-ஆம் ஆண்டுக்கு, ஜெயகாந்தனுக்குக் கிடைத்தது. அவரும் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையின் தாய் மகளை விரட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதியவர். அந்த நாவலின் நாயகி கங்காவையும் வாசகர்கள் நிம்மதியாக விட்டுவிடவில்லை.