மெட்ராஸ் டேவும் மாம்பலம் ஏரியும்

ஆகஸ்ட் 22 வந்தாலே பட்டணத்து நண்பர்கள் படம் படமாக அனுப்ப ஆரம்பிச்சிடுவாங்க. மெட்ராஸ் டே! 1639-ல் அந்தத் தேதியில்தான் தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கடலோரத்து மணல்திட்டு ஒன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது, அதுவே பட்டணத்தின் பிறந்தநாள் என்று கணக்கு. (பேசி முடித்தவர் பிரான்சிஸ் டே. இந்த 'டே' வேற, அந்த 'டே' வேற.)

2004-ல் எஸ். முத்தையா உள்ளிட்ட சிலர் சேர்ந்து ஆரம்பித்த கொண்டாட்டம் இது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், யார் வேண்டுமானாலும் தன் தெருவில் நடத்தலாம் என்பதுதான். ஒருத்தர் பழைய போட்டோக்களை மாட்டி வைப்பார், இன்னொருத்தர் காலையில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு பேட்டையைச் சுற்றி வருவார். மேடை, மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம்.

ஆனா பிறந்தநாள் விஷயத்தில் ஒரு விவசாயிக்குக் கொஞ்சம் வழக்கு உண்டு. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கோட்டை கட்டுவதற்கு எண்ணூறு வருஷம் முந்தியது. என்ன சொல்கிறது தெரியுமா? கோயில் நிலத்தை அடகு வைத்துவிட்டார்கள், சாமிக்குப் படைக்கிற அரிசி குறைந்துபோனது, அப்புறம் ஒருத்தர் நிலத்தை மீட்டுக் கொடுத்தார். அந்தப் பேட்டையின் பழைய ஆவணமே அடமானக் கதைதான். அன்னைக்கும் அதே பாடு!

ஒரு வருஷம் நானும் தி.நகர் நடைக்குப் போனேன். கூட்டிப்போன தம்பி நன்றாகவே பேசினார். நடிகர்கள் இருந்த வீடுகள், பழைய கடைகள், பனகல் பூங்கா எல்லாம் வந்தது. ஏரி மட்டும் இரண்டே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. எனக்கு மனசு ஆறவில்லை.

நுங்கம்பாக்கத்தில் இருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த நீர்ப்பரப்பு அது. வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள், படகுப் போட்டிகூட நடத்தினார்கள். மவுண்ட் ரோடு அதன் கிழக்குப் பக்கமாகப் போனது. 1920-களில் மாம்பலம் பகுதி ஏரியைத் தூர்த்து மனை போட்டு, பிட்டி தியாகராயர் பேரில் புது நகர் உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கம் பக்கத்தில் மிஞ்சிய ஏரியும் பின்னால் போனது. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது அங்கேதான்.

ஏரி என்றால் தண்ணீர் நிற்கிற பள்ளம் மட்டும் இல்லீங்க. வரத்துக்கால் வேண்டும், கரை வேண்டும், பாசனத்துக்கு மதகு வேண்டும், நிரம்பினால் வழிய கலங்கல் வேண்டும். எந்த வயலுக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று பார்த்து மடை திறக்கிற நீர்க்கட்டி ஒருத்தர் வேண்டும். மண்ணைக் கொட்டிப் பள்ளத்தை மூடிடலாம், மேட்டிலிருந்து இறங்கி வர்ற தண்ணிக்கு யார் போய்ச் சொல்றது? 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றபோது, டிவியில் 'எதிர்பாராத வெள்ளம்' என்றார்கள். எங்க ஊர்ப் பெருசு ஒருத்தர் பார்த்துவிட்டு, "ஏரியில தண்ணி நிக்காம வேற எங்கடா நிக்கும்?" என்றார்.

பெயர்கள் மட்டும் அழியவில்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. பழவந்தாங்கலில் இருக்கிற 'தாங்கல்' என்பதே சின்ன ஏரிதான். அடுத்த நடையில் யாராவது அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு ஏரியை நடந்து காட்டினால், நான் பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

இங்கே எங்கள் ஏரிக்குக் கீழேயும் கலர் கொடி நட்டு மனை அளக்க ஆரம்பிச்சாச்சு. மூன்று மதகுகளின் பேரும் தெரிந்தவர் எங்கள் நீர்க்கட்டித் தாத்தா ஒருத்தர்தான். அதனால் இந்த ஆகஸ்டில் பள்ளிக்கூடப் பசங்களை அவரோடு கரை மேல் நடக்கவிடப் போகிறோம். பட்டணத்து ஆட்களும் வரலாம். காலை ஆறு மணிக்குக் கலங்கலில் கூடணும். செருப்பைக் கையில் எடுத்துக்கிற மாதிரி வாங்க, மூணாவது மதகுகிட்ட சேறு.