சிலம்பம்

சிலம்புதல் என்றால் ஒலித்தல். மலைக்கும் சிலம்பு என்றொரு பெயருண்டு. காற்றைக் கிழித்துச் சுழலும் கம்பின் ஓசையிலிருந்தே சிலம்பம் என்ற பெயர் வந்தது என்பர் பலர். தமிழகத்துத் தொழிலாளர்களோடு மலாயா வந்த இக்கம்புப் போர்க்கலை, குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டப்புறங்களைக் கொண்ட ஜொகூர்த் தமிழருக்குப் புதிதன்று.

சிலம்பம் என்ற இச்சொல்லைச் சண்டை வீடியோ கேம் வடிவமைப்பாளர்களும் அறிந்திருக்க வேண்டும். தென் அமெரிக்கக் கௌச்சோ வீரனை வரைபவர், போஞ்சோ போர்வை, ஃபாகோன் கத்தி, கயிற்றில் குண்டுகள் கட்டிய போலியடோரா ஆகிய மூன்றையும் மறப்பதில்லை. அவை புல்வெளி மேய்ப்பனின் வாழ்விலிருந்து வந்தவை. ஆனால் 1991இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் இந்தியராக வந்த தல்சிம், கழுத்தில் மண்டையோட்டு மாலை அணிந்து, கைகால்களை நீட்டி, வாயால் தீ கக்குகிறார். எந்த ஊர்ப் போர்க்கலை இது?

சிலம்ப வீரனுக்கு மாயம் தேவையில்லை. நெற்றி உயர மூங்கில் கம்பு, இடைவிடாத காலடி வரிசை, பல எதிரிகளைத் தள்ளி நிறுத்தும் வீச்சு, நெருங்கினால் மான்கொம்பு ஆயுதம். ஒரு முழுப் பாத்திரத்துக்கு இவை போதும்.

மலேசியாவின் தற்காப்புக் கலையான சீலாட் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதுபோல் சிலம்பமும் பெயர் பெற, அதை வீடியோ கேம் திரையில் நிறுத்த ஜொகூர் இளைஞர்கள் முன்வர வேண்டும்.