பிரதியெடுத்தவன் கணக்கு

1992 வாக்கில் மெட்டாலிகா அச்சரப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு மஞ்சள் பையில். சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த நண்பன், யாரிடமோ இரவல் வாங்கிப் பதிந்த கேசட்டைப் பாசஞ்சர் ரயிலில் கொண்டுவந்தான். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருந்த ரெக்கார்டிங் கடையில், இளையராஜா பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கும் அதே டபுள் டெக்கில், அதற்கொரு பிரதி எடுத்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்னப்பா, டேப் சிக்கிக்கிச்சா?" என்றார். அட்டை கிடையாது, வரிகள் கிடையாது. பேனாவில் எழுதிய பெயர் மட்டும்: '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'.

அதில் பேஸ் கிட்டாரே கேட்காது. பிரதியின் பிரதியில் அது தேய்ந்துபோனதாகவே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். 1986-ல் ஸ்வீடனில் பஸ் விபத்தில் க்ளிஃப் பர்ட்டன் இறந்தபின் அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் வாசிப்பு, 1988-ல் வெளிவந்த மூலப் பதிவிலேயே கேட்காத அளவுக்கு அமுக்கப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. குறை மூலத்தில், பழி பிரதியின் மேல். நான் சொல்லவருவதும் ஏறக்குறைய இதுதான்.

'பிரதி' என்கிற சொல்லை நாம் கோட்பாட்டில் வேறு அர்த்தத்தில் புழங்குகிறோம். ரெக்கார்டிங் கடையில் அது வெறும் காப்பி. ஆனால் இந்தக் குழுவின் வரலாறே காப்பியில்தான் தொடங்குகிறது. 1981-ல் லாஸ் ஏஞ்சலஸில் சேர்ந்த இவர்களுக்கு முதல் ஆல்பம் வந்தது 1983-ல். அதற்கு முன்பே, 1982-ல் பதிந்த 'நோ லைஃப் டில் லெதர்' என்ற மாதிரிக் கேசட்டை ரசிகர்கள் பிரதியெடுத்து, தபாலில் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டார்கள். பெயர் பரவியது அப்படித்தான். அன்றைக்கு அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. அச்சரப்பாக்கத்துக் கேசட் அந்தச் சங்கிலியின் ஒரு கடைக்கோடிக் கண்ணி, அவ்வளவே.

2000 ஏப்ரலில் மெட்டாலிகா நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்டது. இணையம் வழியாகப் பாட்டுகளைப் பரிமாறிக்கொண்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பயனர் பெயர்ப் பட்டியலை, மே மாதம் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் தானே கொண்டுபோய் நாப்ஸ்டர் அலுவலகத்தில் கொடுத்தார். பட்டியல் என்றால் என்னவென்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது என்னிடம் கம்ப்யூட்டரே கிடையாது. இருந்தாலும் என் பெயர் அதில் இருப்பதாகவே பட்டது. திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவன் பிள்ளையாரை மறந்ததால் தேர் அச்சு இற்ற இடம் எங்க ஊர் என்பார்கள். முதலில் நினைக்க வேண்டியவனை மறந்த தேர்கள் வேறு ஊர்களிலும் உண்டு.

அதைவிடப் பெரிய அடி 2003-ல். ஈராக்கில் அமெரிக்க ராணுவம் கைதிகளைத் தூங்கவிடாமல் விசாரிக்க மெட்டாலிகா பாட்டை அலறவிட்டது என்று செய்தி வந்தது. ராணுவமும் அனுமதி கேட்கவில்லை. பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு 2004-ல் ஒரு வானொலிப் பேட்டியில் அதைக் கண்டிக்கவில்லை. ஓரளவு பெருமையாகவே பேசினார். என் கேசட்டிலிருந்த 'ஒன்' எதைப் பற்றியது? போரில் கை, கால், கண், காது, வாய் எல்லாம் இழந்து படுக்கையில் கிடக்கும் சிப்பாயைப் பற்றியது. இடதுசாரி என்று ஹாலிவுட் பின்னாளில் ஒதுக்கிவைத்த டால்டன் ட்ரம்போவின் 1939 நாவலிலிருந்து பிறந்த பாட்டு. அதைப் பாடியவர்களுக்கு, பையன்கள் எடுத்த பிரதி திருட்டு. ராணுவம் எடுத்தது திருட்டில்லை.

2011 அக்டோபர் 30-ல் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு அவர்கள் வந்தபோது, இத்தனை கசப்பையும் வைத்துக்கொண்டு போனேன். அவர்களுக்குக் காசு கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. ராபர்ட் ட்ருஹியோவின் பேஸ் நெஞ்சில் வந்து இடித்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

என் கோபம் முழுக்க நியாயமா என்று யோசிக்கவைத்தவர் இளையராஜா. 2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு, அனுமதியில்லாமல் தன் பாடல்களைப் பாடக்கூடாதென்று அவர் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. நண்பர்கள் திட்டினார்கள். என்னால் முடியவில்லை. இசையமைப்பாளரின் ராயல்டியை யாரும் எழுதி வாங்கிக்கொண்டுவிட முடியாதபடி சட்டம் திருத்தப்பட்டதே 2012-ல்தான். உழைத்தவன் பங்கு கேட்பதைப் பேராசை என்று சொல்ல நாம் யார்?

ஆகவே பிரதியெடுப்பது சரியா தப்பா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. யார், எதற்காக எடுக்கிறார்கள், யாரிடம் கணக்குக் கேட்கப்படுகிறது என்று கேட்க வேண்டும். டிக்கெட் விற்கும் மேடையிடம் பங்கு கேட்பது ஒன்று. கடைவாசலில் நிற்கும் பையனைப் பட்டியலில் ஏற்றுவது வேறு. விசாரணை அறையிடம் எதுவுமே கேட்காமலிருப்பது முற்றிலும் வேறு.

கேசட் இன்னும் இருக்கிறது. போட்டுக் கேட்க டெக்தான் இல்லை. மெட்டாலிகாவை வெறுக்கிறேனா என்றால், இல்லை. எனக்காகக் கோபப்படும் வேலையை அவர்களிடம் ஒப்படைத்திருந்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.