கிறிஸ்டியான்பேட்டை, மே 1860

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்புக்குப் போகிறவர்களுக்கு மேற்கே மலை கூடவே வரும். அந்த அடிவாரத்தில் அற்புதக் கதை இல்லாத ஊர் கிடையாது. ராஜபாளையத்தில் சஞ்சீவி மலை. அனுமன் தூக்கிப் போன மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்டனைப் புலி கொன்றதும், அவன் உடன்பிறந்த வில்லியின் கனவில் பெருமாள் தோன்றியதும் தலவரலாறு. சதுரகிரிக்குச் சித்தர்கள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்டியான்பேட்டை என்ற சின்ன ஊருக்கும் ஒன்று உண்டு. இவற்றில் அதுதான் வயதில் இளையது. நடந்த வருஷத்திலேயே எழுத்தில் ஏறியது. என் அம்மாச்சியின் முன்னோர் அந்த ஊர்க்காரர்கள். பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்தவனுக்குத் தன் வீட்டு அற்புதத்தை எடைபோடும் கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஊரை உண்டாக்கியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810இல் திருநெல்வேலிச் சீமை உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தார். 1833இல் பாக்தாத்திலிருந்து இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸைச் சந்தித்தது அவர் வாழ்க்கையைத் திருப்பியது. மிஷன் சம்பளம் வேண்டாம், குருப்பட்டம் வேண்டாம், விசுவாசிகள் கூடிய இடத்தில் யாரும் அப்பம் பிட்கலாம் என்பது குரோவ்ஸின் வழி. அருளப்பன் அந்த வழியில் நின்று 1840இல் கிறிஸ்டியான்பேட்டையை அமைத்தார். 1867இல் இறக்கும்வரை சுற்றுப்பட்டு ஊர்களில் பிரசங்கித்தார்.

1860 மே 4 முதல் 7 வரை அங்கே நடந்ததை அவர் அதே ஆண்டு குறித்துவைத்திருக்கிறார். சிலர் தீர்க்கதரிசனம் சொல்லி மற்றவர்களைக் கடிந்துகொண்டார்கள். சிலர் மார்பில் அடித்து அழுதார்கள், உடல் நடுங்கி விழுந்தார்கள். ஜூனில் சிலர் அந்நியபாஷையில், அதாவது தாங்கள் அறியாத பாஷையில், தேவனைத் துதித்தார்கள். அதற்கு அர்த்தமும் சொல்லப்பட்டது. ஆகாயத்தில் சில அடையாளங்களைக் கண்டதாகவும் சொன்னார்கள். படிக்காதவர்கள் அதுவரை கேட்டிராத பாட்டுகளைப் பாடினார்கள். பின்பு அவருடைய மகனும் மகளும் வேறு சிலரும் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சபையைச் சேர்ந்த உறவினர் கிராமங்களுக்குப் போனபோது, அங்கேயும் அதே காரியங்கள் தொடங்கின. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருக் கூட்டங்கள் 1906இல்தான் நடந்தன. அதற்கு 46 ஆண்டு முன்னால் நம் கரிசல் ஓரத்துச் சம்சாரிகள் அந்நியபாஷை பேசியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு வேறு உருவம். அம்மாச்சி சொல்வார்: "எங்க பூட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜெபத்துல எந்திரிச்சு நின்னு இங்கிலீசு பேசுனாளாம். கேட்டுக்கிட்டிருந்த தொரை கண்ணீர் விட்டு அழுதாராம். அன்னைக்கு ராத்திரி கூரைக்கு மேல அக்கினி நின்னுச்சு, ஆனா ஓலை எரியல."

அருளப்பனின் குறிப்பில் இங்கிலீஷ் இல்லை. அழுத துரையும் இல்லை. அந்நியபாஷை பேசியவர்கள் நடுவிலேயே அர்த்தம் சொன்னவர்களும் இருந்தார்கள் என்றுதான் இருக்கிறது. இந்த இரண்டு உருவங்களையும் வேதாகமத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 14ஆம் அதிகாரம், அந்நியபாஷையில் பேசினால் ஒருவன் அர்த்தம் சொல்லவேண்டும் என்று கட்டளையிடுகிறது. அருளப்பனின் வரிகள் அந்தக் கட்டளையின் அச்சில் அமைந்தவை. அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்திலோ அக்கினி நாவுகள் இறங்குகின்றன, கேட்கிற அந்நியர் தங்கள் சொந்தப் பாஷையைக் கேட்டுத் திகைக்கிறார்கள். அம்மாச்சியின் கதை அந்த அதிகாரத்தின் அச்சு. பூட்டியின் பேரப்பிள்ளைகள் மிஷன் பள்ளியில் சேர்ந்து, இங்கிலீஷ் தெரிந்தால் வேலை என்று கண்ட காலத்தில், தெரியாத பாஷை இங்கிலீஷாக மாறியிருக்கவேண்டும். அடுத்த தலைமுறை எதற்கு ஏங்கியதோ, அதையே பூட்டியின் வாயில் வைத்திருக்கிறது. இது பொய் சொன்னதாகாது. ஆனால் 1860க்குச் சாட்சியும் ஆகாது. தன் காலத்துக்குத்தான் சாட்சி.

அப்படியானால் அருளப்பனின் எழுத்தை மட்டும் அப்படியே ஏற்கலாமா? அதையும் உரசிப் பார்க்கவேண்டும். இன்று நம் கைக்குக் கிடைப்பது ஜி. எச். லாங் 1939இல் தொகுத்து வெளியிட்ட ஆங்கிலப் புத்தகம். லாங் அருளப்பனின் வழியையே போற்றியவர். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது அவர் கையில் இருந்தது. அருளப்பனுக்கு இங்கிலாந்து விசுவாசிகள் உதவி அனுப்புவதுண்டு. எழுப்புதல் என்னும் இந்தப் பக்தி எழுச்சியின் செய்தி அவர்களை மகிழ்விக்கும். இவையெல்லாம் தராசின் ஒரு தட்டு.

மறு தட்டில் இருப்பது அதைவிடக் கனம். சி.எம்.எஸ். மிஷனரிகளுக்கு அருளப்பனைத் தாங்கிப் பிடிக்க எந்தக் காரணமும் இல்லை. குருப்பட்டம் பெறாதவர் திருவிருந்து நடத்துவதை அவர்கள் ஏற்கவில்லை. ராக்லண்ட் 1854இல் தொடங்கிய வட திருநெல்வேலி ஊழியத்தில் கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சுற்றியவர்கள் அவர்கள். 1858இல் ராக்லண்ட் சிவகாசியில் இறந்தபின் ஃபென்னும் மெடோஸும் அதைத் தொடர்ந்தார்கள். அந்தச் சபையாரின் 1860ஆம் ஆண்டு அறிக்கைகளும் நடுக்கத்தையும் அழுகையையும் பாவ அறிக்கையையும் விழுதலையும் சொல்கின்றன. மிகையென்று பட்டதைக் கண்டித்தார்கள், ஆனால் நடக்கவே இல்லை என்று சொல்லவில்லை. பிடிக்காதவன் ஒப்புக்கொள்கிற சாட்சிக்குத்தான் வரலாற்றில் முதல் மரியாதை.

ஏன் அந்த உருவத்தில் நடந்தது என்று கேட்டால் அதற்கும் விடை இருக்கிறது. 1857–58இல் அமெரிக்காவிலும் 1859இல் அயர்லாந்தின் அல்ஸ்டரிலும் எழுப்புதல் நடந்தது. அல்ஸ்டரில் ஜனங்கள் தரையில் விழுந்த செய்தி அருளப்பனுக்கு எட்டியிருந்தது. அதற்காகவே இங்கே ஜெபித்தார்கள். இன்னொன்றும் உண்டு. இந்தச் சீமையில் கொடை விழாவில் சாமி வந்து ஆடாத ஊர் ஏது? உடல் நடுங்க, தலை சுழல, ஊராருக்கு வாக்குச் சொல்வது நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட காட்சி. மிஷனரி கால்டுவெல் 1849இலேயே அதை விவரித்து எழுதியிருக்கிறார். வேதத்தை மாற்றிக்கொண்டவர்கள் உடம்பை மாற்றிக்கொள்ளவில்லை. கண்ட உருவத்தில்தான் மனிதனுக்குப் பரவசம் வரும். இதைச் சொன்னால் எங்கள் சபைப் பெரியவர்கள் சிலருக்கு மனம் நோகும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எந்தச் சாட்சியை எவ்வளவு நம்புவது என்ற இதே கேள்வியை அமெரிக்காவில் மோர்மன் சபையின் வழிவந்தவர்களும் எதிர்கொள்கிறார்கள். 1836இல் ஒஹாயோவின் கர்ட்லண்ட் ஆலயப் பிரதிஷ்டையின்போது அந்நியபாஷையும் தரிசனங்களும் உண்டானதாக அந்த நாட்களின் குறிப்பேடுகளிலேயே இருக்கிறது. 1844 ஜூனில் தலைவர் ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் நாவூ நகரத்தில் பிரிகாம் யங் எழுந்து பேசியபோது அவர் முகமும் குரலும் ஸ்மித்தினுடையதாகவே மாறின என்று நூற்றுக்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். ஆனால் பெரும்பாலான சாட்சியங்கள் பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. அன்றைய கூட்டக் குறிப்புகளில் அப்படி எதுவும் இல்லை. ஒரே சபை, ஒரே தலைமுறை. ஆனாலும் இரண்டையும் ஒரே எடைக்கல்லால் நிறுக்க முடியாது. நூறு பேர் சொன்னார்கள் என்பதைவிட, எப்போது சொன்னார்கள் என்பதே முக்கியம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இது பொருந்தும். ஆண்டாள் தன் பாசுரங்களின் முத்திரையில் தன் பெயரையும் தந்தையையும் ஊரையும் தானே பதித்திருக்கிறார். அவருடைய ஏக்கமும் நோன்பும் அவர் வாக்கிலேயே நமக்குக் கிடைத்திருக்கின்றன. துளசிச் செடியடியில் கிடைத்ததையும் திருவரங்கத்தில் ஐக்கியமானதையும் சொல்பவை சில நூற்றாண்டுகள் பிந்திய குருபரம்பரை நூல்கள். பக்தருக்கு இரண்டும் ஒன்றே. அந்தப் பக்தியை நான் வணங்குகிறேன். வரலாறு படிக்கிறவனுக்கு மட்டும் அவை இரண்டு.

இன்னும் ஓர் உரைகல் உண்டு. திருநெல்வேலி எழுப்புதலின் அலை 1870களில் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்ற குரு, ஆறு ஆண்டில், அதாவது 1881இல், கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்தார். யுயோமயம் என்ற தனிச்சபையே உண்டாயிற்று. 1881 வந்தது, அவர் சொன்னது நடக்கவில்லை. நாள் குறித்துச் சொன்ன தீர்க்கதரிசனத்தை நாளே தீர்த்துவிடும். கிறிஸ்டியான்பேட்டைக் குறிப்பில் எனக்கு மதிப்பைக் கூட்டுவது அங்கே அப்படிப்பட்ட நாள் குறிப்பு எதையும் நான் காணாததுதான். நடுங்கினார்கள், அழுதார்கள், பாடினார்கள், பாவத்தை அறிக்கையிட்டார்கள். அவ்வளவுதான்.

ஆகவே என் முடிவு இது. 1860 மே மாதத்தில் அங்கே கூடியவர்களுக்கு உண்மையாகவே ஏதோ நேர்ந்தது. அதை இருதரப்பும் எழுதிவைத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அன்று சபை நடுவில் எழுந்து நின்றார்கள், படித்தவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அம்மாச்சியின் பூட்டி அவர்களில் ஒருத்தியாக இருந்திருக்கலாம். அவள் பேசியது இங்கிலீஷ் அல்ல, கூரையில் அக்கினி நின்றதற்கு ஆதாரம் இல்லை. அவர்களை எழுப்பியது பரிசுத்த ஆவியா என்ற கேள்விக்கு ஆவணம் விடை சொல்லாது; நான் விசுவாசியாக நம்புகிறேன், வரலாற்று ஆசிரியனாக வாதாடமாட்டேன்.

இந்தப் பக்கத்து வீடுகளில் பழைய வேதாகமங்களின் வெற்றுத்தாள்களில் பிறப்பு, ஞானஸ்நானம், மரணம் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. ஓரத்தில் இப்படிப்பட்ட கதைகளும் இரண்டு வரியாக இருக்கக்கூடும். பைண்டிங் போய்விட்டது என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உங்கள் பாட்டி சொல்லும் அற்புதம் எந்த மதத்ததாக இருந்தாலும், திருத்தாமல் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதையும் கீழே எழுதி வையுங்கள்.