அந்த மெல்லிய சீவல்

என் கைப்பேசியில் 'ஐடியா' என்று ஒரு குறிப்பேடு இருக்கிறது. பொறியியல் படித்த நாளிலிருந்து எழுதிச் சேர்த்தவை. ஒன்றுகூடச் செயலுக்கு வந்ததில்லை. அதைத் திறந்தாலே ரிட்லி ஞாபகம்தான்.

ஹென்றி ரிட்லி 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநரானார். 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த 22 ரப்பர் கன்றுகளில் சில அங்கே மரமாகி நின்றன. மரத்தைக் கொத்திச் சிதைக்காமல், பட்டையை மெல்லிசாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்தால் மரம் சாகாமல் பால் தரும் என்று கண்டார். காப்பியில் பணம் பார்த்த தோட்டக்காரர்கள் காது கொடுக்கவில்லை. 'பைத்தியக்கார ரிட்லி' என்றார்கள். மனுஷன் விடாமல் விதைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆள் ஆளாகப் பிடித்துக் கொடுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரைத் தோட்டமாகவே நட்டார். பிறகுதான் மலாயா முழுக்க ரப்பர்.

இதைப் பெருமையாகப் பாட்டியிடம் சொன்னேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்.

"ஆழமா போனா மரம் கெட்டுடும், மேலாக்க போனா பால் வராது. அவரு சொல்லிட்டாரு. விடியாத இருட்டுல தெனம் வெட்டுனது யாருய்யா?"

இப்போது ஐடியா எழுதும்போது பக்கத்திலேயே ஒரு கேள்வியும் எழுதிவைக்கிறேன்: இதை யார் கை செய்யும்?